மனு எழுதித் தருபவர், சேலம் கலெக்டர் ஆபீஸ் வாசல்: ஐந்துக்கு நான்கு

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, அதனால் தேடிப் போகிறவர்கள் ஆளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை, மக்கள் குறைதீர்க்கும் நாள், கலெக்டர் ஆபீஸ் வாசல். ஒரு மடக்கு மேசை, அதன் மேல் பரீட்சை அட்டை, நாலைந்து பேனா, கார்பன் தாள், குண்டூசி டப்பா, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பசை. வெயிலுக்கு ஒரு கறுப்புக் குடை, அதுவும் மேசைக்குத்தான், நமக்கு இல்லை. இப்படி நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்வது கடைசி ஆளை. எழுபது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருப்பார்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் இந்த விமர்சனம் விளங்காது. கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், வயது நாற்பத்தாறு. ஓட்டு வந்த நாளிலிருந்து ஒரு சட்டமன்றத் தேர்தலையும் விட்டதில்லை. மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன், ஒருமுறை கடுப்பில் நோட்டா. என் மச்சான் ஏற்காட்டுக்காரர், அந்தக் கதையை அவரிடம்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் நோட்டா பட்டன் முதன்முதலில் வந்ததே அவர்கள் ஊர் இடைத்தேர்தலில்தான், 2013 டிசம்பரில். நாலாயிரம் பேருக்கு மேல் அதை அமுக்கினார்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டால், "ஒண்ணும் ஆகல மாப்ள, அமுக்குறப்ப மட்டும் நல்லா இருந்துச்சு" என்பார்.

இந்த முறையும் போட்டேன். முடிவு வந்தது, தெருவில் வெடி வெடித்தார்கள், சாக்லேட் கொடுத்தார்கள். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பது இங்கே தேவையில்லை, யார் ஜெயித்திருந்தாலும் இதே மனுவைத்தான் எழுதியிருப்பேன். 234 பேர் சபையில் 118 கை உயர்ந்தால் சாதாரண மசோதா எதுவும் சபையில் நிறைவேறும். அவ்வளவு கை இருக்கிறது என்று ஆளுநரிடம் பட்டியல் கொடுத்துவிட்டுத்தானே பதவி ஏற்கிறார்கள்? அப்படியிருக்க ஆறு மாதம் கழித்து "எங்க கையில என்ன இருக்கு" என்று சொல்லக் கூடாது பாருங்கள். அதைச் சொல்வதற்கு முன்னாடியே நம் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஒரு வேகம். இரண்டு நாள் உட்கார்ந்து செய்கூலிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினாலு கோரிக்கை எழுதினேன். எனக்குக் கோபம் வரும், அரசாங்கத் தமிழ் வராது. அதனால்தான் இவரிடம் போனது.

"பட்டாவா, உதவித்தொகையா, பங்காளித் தகராறா?" என்றார், தலையைத் தூக்காமலே.

"புது ஆட்சிக்கு மனு, அய்யா."

"அது எந்த ஆபீஸ் தம்பி?"

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெரும்பான்மை பெரும்பான்மை என்று ஒரு மாதமாக டி.வி.யில் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அதற்கு ஒரு விலாசம் கிடையாது என்பது அவர் 'பெறுநர்' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. முதலமைச்சருக்கு எழுதினால் துறைக்குப் போகும், துறையிலிருந்து மாவட்டத்துக்கு வரும், மாவட்டத்திலிருந்து நாம் யார் மீது புகார் சொன்னோமோ அவர் மேசைக்கே வந்து நிற்கும். இதை நான் அனுபவித்தவன். எங்கள் சந்தில் சாக்கடைக்குத் தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு அலுவலகத்திலிருந்து அதே வாக்கியம். கடைசியில் முதல் அலுவலகத்திலிருந்தே "நடவடிக்கை எடுக்கப்பட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது" என்று ஒரு தாள். பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. அம்மா அதில் கால் வைத்து விழுந்து மணிக்கட்டுக் கட்டோடு ஒன்றரை மாதம் இருந்தாள்.

சரி, எம்.எல்.ஏ.வுக்கே எழுதினால்? பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து கொறடா சொல்கிற பக்கம்தான் கை தூக்க வேண்டும், மீறினால் பதவியே போகலாம். அதனால் தனி ஆளாக அவரால் சட்டம் போட முடியாது, "கேட்கத்தான் முடியும். கேட்க வைக்கணும்" என்றார். நல்ல வார்த்தை, நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார், இந்த ஒரு தகவலுக்கே நூறு ரூபாய் தகும். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. புது சபை வந்ததும் புதிதாகப் போடுவார்கள், அப்புறம் மாவட்டம் மாவட்டமாக வருவார்கள். வருவதற்கு முன்னால் மனு கேட்டுப் பேப்பரில் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பை அவர் கத்தரித்து வைத்திருக்கிறார். மேசை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினார், பழுப்பேறி, ஓரத்தில் டீக் கறையோடு. மனு தமிழில் இருக்க வேண்டும், ஐந்து நகல், நீண்ட நாள் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், தனி ஆள் குறையெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கோர்ட்டில் இருக்கிற வழக்கும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு மனுவில் ஒரே ஒரு பிரச்சினை, அதுவும் ஒரே ஒரு துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

என் கையில் பதினாலு.

இனிமேல்தான் உண்மையான சேவை. நோட்டை வாங்கி, கொலுசுக்காரன் அரும்பு எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். முதல் கோரிக்கை, "ஊழலை அடியோடு ஒழிக்க வேண்டும்." அதை எழுதும்போது எனக்குப் புல்லரித்திருந்தது. "யாரு ஒழிக்கணும்? எந்தத் தேதிக்குள்ள?" என்றார். பதில் இல்லை. ஒரு கோடு. இரண்டாவது, "விலைவாசியைக் குறைக்க வேண்டும்." கோடு. "திருமணிமுத்தாற்றைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்பதில் கொஞ்சம் நிறுத்தினார். சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற தண்ணீர் ஊருக்குள் நுழையும்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்று சேலத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "எந்தப் பாலத்துல இருந்து எந்தப் பாலம் வரைக்கும், எத்தனை சாக்கடை அதுல விழுது, எண்ணிட்டு வாங்க. தனி மனுவா எழுதலாம்" என்றார். நான் எண்ணியதில்லை. நாற்பத்தாறு வருடமாக மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறேன், ஒரு நாள் நின்று எண்ணியதில்லை. அதையும் ஒத்திவைத்தோம்.

இப்படி அடித்து அடித்து நாலு மிஞ்சியது.

முதலாவது தேர்தல் அறிக்கை. எங்கள் தொழிலில் எண்பது டச், அதாவது நூற்றுக்கு எண்பது சுத்த வெள்ளி என்று சொல்லிக் கொடுத்தால் வாங்குகிறவன் ஒரு துண்டை வெட்டி உருக்கிப் பார்ப்பான், அறுபது வந்தால் மறுநாள் செவ்வாய்ப்பேட்டை முழுக்க அதுதான் பேச்சு. தேர்தல் அறிக்கையை உருக்கிப் பார்க்க ஒரு பட்டறையும் இல்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதுவும் நம்ம ஊர் வழக்குதான். 2006 கலர் டி.வி., 2011 மிக்சி கிரைண்டர் விவகாரம். அறிக்கையில் வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி முறைகேடு ஆகாது என்று சொல்லிவிட்டு, வழிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் விட்டது. ஆணையமும் பணம் எங்கிருந்து வரும் என்று கட்சிகள் காட்ட வேண்டும் என்றது. எங்கே காட்டினார்கள்? ஆகவே என் கோரிக்கை, முதல் பட்ஜெட் கூட்டத்தொடரிலேயே ஒரு அட்டவணை வைக்க வேண்டும். எந்த வாக்குறுதி, எந்தத் துறை, எவ்வளவு பணம், எந்த வருடம். செய்ய முடியாததை முடியாது என்று அதிலேயே எழுதிவிடட்டும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நாலு வருடம் "பரிசீலனையில் உள்ளது" என்பதுதான் தாங்க முடியவில்லை.

இங்கே பெரியவர் ஒரு கதை சொன்னார், பாதி எனக்குத் தெரிந்ததுதான். 1937 தேர்தலில் ஜெயித்து ஜூலை 14 அன்று ராஜாஜி மந்திரிசபை வந்தது. அவர் அதற்கு இருபது வருடம் முன்னால் நம் சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். மதுவிலக்கு கொண்டுவருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தே விட்டார்கள், மூன்று மாதம்கூட ஆகவில்லை. வருமானம் போனதைச் சரிக்கட்ட 1939-இல் விற்பனை வரி. மதுவிலக்கு சரியா தப்பா என்பது தனி வழக்கு, டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம். தேதி இருந்தது, இடம் இருந்தது, பணத்துக்கு வழியும் சொன்னார்கள், அதுதான் விஷயம். "அதே சபைதான் பள்ளிக்கூடத்துல இந்தியைக் கட்டாயமாக்குனாங்க, ஊரே கொதிச்சுது, அதையும் சொல்லுங்க" என்றேன். "ஆமா, கை நிறைய இருந்தா காது கேக்காது" என்றார் பெரியவர், பேனாவை உதறிக்கொண்டே.

இரண்டாவது, சேவை பெறும் உரிமைச் சட்டம். சான்றிதழோ பட்டா மாற்றமோ இத்தனை நாளில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் சம்பந்தப்பட்டவருக்கு அபராதம். மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே போட்டுவிட்டார்கள். பிகாரில் 2011, கர்நாடகத்திலும் அதே வருடம், கேரளத்தில் 2012. எதற்கெடுத்தாலும் நாம்தான் முன்னோடி என்று பேசுகிற மாநிலம் இதில் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது எனக்கு விளங்கவில்லை. பெரியவருக்கு விளங்குகிறது போல, ஒன்றும் சொல்லாமல் எழுதினார். யோசித்தால் இந்தச் சட்டம் வந்தால் அவருக்கே பாதி வியாபாரம் போய்விடும், இருந்தும் நாலு மனுவில் இதைத்தான் ரொம்ப நன்றாக எழுதியிருந்தார்.

மூன்றாவது, உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துவது. 2016-இல் நடந்திருக்க வேண்டியது, எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. சேலம் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி. நடுவில் அத்தனை வருடம் வார்டுக்கு ஒரு ஆள் கிடையாது, எல்லாம் தனி அலுவலர். பள்ளத்தில் யாராவது விழுந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? எந்தக் கட்சி பெரும்பான்மையில் இருந்தாலும் இதைத் தள்ளிப் போட ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, வார்டு வரையறை, வழக்கு, மழை. ஆக, காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே தேதியைச் சபையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுதினோம்.

நாலாவது, தொகுதி மேம்பாட்டு நிதி. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு வருடத்துக்கு மூன்று கோடி. நம் மாவட்டத்தில் கெங்கவல்லி தொடங்கி வீரபாண்டி வரை 11 தொகுதி, ஆளும் கட்சி எதிர்க்கட்சி என்ற வித்தியாசமெல்லாம் அதற்குக் கிடையாது. என்ன வேலை, யார் ஒப்பந்தக்காரர், எவ்வளவு, எப்போது முடிந்தது என்று எம்.எல்.ஏ. ஆபீஸ் சுவரில் பெயிண்டில் எழுத வேண்டும். நிழற்குடையில் தன் பெயரை ஒரு அடி உயரத்துக்கு எழுதுகிறார்கள் இல்லையா, அதே பெயிண்டர் போதும்.

சென்னை-சேலம் எட்டு வழிச் சாலை பற்றியும் ஒரு கோரிக்கை வைத்திருந்தேன், எதிர்காலத்தில் எந்த நிலம் எடுப்பதாக இருந்தாலும் ஊரைக் கேட்டுவிட்டு எடுங்கள் என்று. அதைப் படித்ததும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். 2018-இல் 277 கிலோமீட்டர் என்று கல் நட்டபோது அவர் எழுதிய ஆட்சேபணை மனுக்களுக்குக் கணக்கே இல்லையாம். பாட்டிகள் கைரேகை வைக்கிறபோது கூடவே கண்ணீர் விழுந்து மை கலைந்து, ஒரே மனுவை இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறார். வலது நடுவிரலைக் காட்டினார், பேனா அழுத்தின இடத்தில் இன்னும் காய்ப்பு. "2019 ஏப்ரல்ல ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, ஸ்வீட் கொடுத்தாங்க. 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் செல்லும்னுது, மறுபடி வந்தாங்க. ரெண்டுக்கும் நடுவுல சபைல பேசினவங்க எத்தனை பேரு, அப்புறம் இடம் மாறி உட்கார்ந்ததும் பேச்சை மாத்தினவங்க எத்தனை பேரு" என்றார். அதை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தனியாக எழுதுவோம், அவசரமாக இந்த நாலோடு சேர்க்கக் கூடாது என்றார். அதற்கு மட்டும் காசு வாங்க மாட்டேன் என்றும் சொன்னார்.

இவ்வளவு பாராட்டினாலும் ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரிய சண்டை மனுவின் கடைசி வரியில் வந்தது. "தங்கள் கீழ்ப்படிந்துள்ள" என்று எழுதிவிட்டார். நான் விடவில்லை. ஓட்டுப் போட்டு வேலை கொடுத்தவன் நான், நான் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும்? 'கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் 'கனிவுடன்' என்று இருந்தது. "தம்பி, இதை முதல்ல படிக்கிறது மந்திரி இல்ல. உங்கள மாதிரி சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற ஒரு பிரிவு உதவியாளர். அவரு மேல எதுக்குக் கண்டிப்பு?" அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது, ஆனாலும் என் பேரில் போகிற காகிதம். கடைசியில் 'இப்படிக்கு, வாக்காளன்' என்று முடித்தோம், 'கனிவு' ஒரு இடத்தில் மட்டும் தங்கிவிட்டது.

வேறு குறைகள்: கார்பன் பழசு, மூன்றாவது நகல் மங்கல், அதனால் ஐந்து நகலுக்கு ஜெராக்ஸ்தான் கதி. உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை, இரண்டு மணி நேரம் நின்றேன். மேசையில் ஒட்டியிருக்கிற க்யூஆர் ஸ்டிக்கரை நம்பி ஸ்கேன் பண்ணாதீர்கள், அது பக்கத்து டீக்கடைக்காரருடையது, நான் நாற்பது ரூபாய் டீக்கடைக்கு அனுப்பிவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தேன். (அவர் டீயாகவே கொடுத்துத் தீர்த்தார்.) ரசீது கிடையாது. ஊரெல்லாம் ரசீது கொடுங்கள் பதில் கொடுங்கள் என்று மனு எழுதுகிற மனுஷர் தான் ரசீது கொடுப்பதில்லை என்று சொல்லிக் காட்டினேன், சிரித்துவிட்டு மனுவின் பின்பக்கத்தில் பென்சிலால் '400 வந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆக மொத்தம் நாலு மனு, ஒரு பக்கம் நூறு வீதம் நானூறு, ஜெராக்ஸ் தனி. குழு மாவட்டத்துக்கு வருகிற அறிவிப்புக்காகக் காத்திராமல் ஒரு செட் 'தலைவர், மனுக்கள் குழு, சட்டமன்றப் பேரவைச் செயலகம், சென்னை 600 009' என்று ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன், நம் தொகுதி எம்.எல்.ஏ. ஆபீஸில் ஒரு செட் நேரில். அங்கே இருந்த பையன் வாங்கி மேசையில் பூச்செண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தான். சால்வைகள் இன்னும் கவர் பிரிக்காமல் அடுக்கி இருந்தன. ஒப்புகை கேட்டேன். சீல் இன்னும் வரவில்லை அண்ணா, புதுசு செய்யக் கொடுத்திருக்கு, அடுத்த வாரம் வாங்க என்றான்.

அடுத்த வாரம் போனேன், சீல் வந்துவிட்டது, தேதியோடு குத்தி வாங்கினேன். அதைப் பெரியவரிடம் காட்டியதும் காலண்டர் தாளைத் திருப்பி ஒரு தேதியில் வட்டம் போட்டார். "பதில் வரலைன்னா அன்னைக்கு வாங்க, தகவல் உரிமையில 'மனு மேல என்ன நடவடிக்கை'ன்னு கேட்போம். முப்பது நாள்ல சொல்லியாகணும். பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு என்கிட்டயே இருக்கு."

போகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பத்துக்கு மேல் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். குடிக்கத் தண்ணீரும் சில்லறையும் கொண்டுபோங்கள். கோரிக்கையில் தேதி இல்லாவிட்டால் அவர் பேனாவைத் தொடவே மாட்டார், அதை வீட்டிலேயே யோசித்து எழுதிக்கொண்டு போவது நல்லது. நான் வருகிற ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாற்றுப் பக்கம் போகிறேன், சாக்கடை எண்ண.